இருபத்தொன்பது அங்குலம்

அண்ணே,

பக்கத்துக் கடையில் அச்சாறு போடுகிறார்கள். காலையில் கடையைத் திறந்து மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். வினாகிரியின் புளித்த மணம் மூக்கில் ஏறியது. எண்ணெய்க் குப்பியை எங்கே வைத்தேன் என்றே தெரியாது. பொத்தான்கள் கிடக்கும் மேல் லாச்சியை இழுத்து, அதிலிருந்த கடதாசி உறையை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடுவதைக் கட்டுகஸ்தோட்டைச் சந்தியே வேடிக்கை பார்த்தது.

வாசலில் நின்று பார்த்தால், பக்கத்துக் கடை ஹாஜியார் பெரிய சட்டியில் சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கொட்டி, போத்தல் போத்தலாக வினாகிரி ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"என்ன டெய்லர், கடையில நெருப்பா?" என்று கேட்டார்.

"இல்ல ஹாஜியார், உங்க அச்சாறு" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். பழைய பிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் வினாகிரி மணக்கும் என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகியும் இந்த மணம் வந்தால் நான் லாச்சியைத் தேடி ஓடுகிறேன். இந்த உறைக்குள் இருப்பதைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. இன்றைக்குப் பேசிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தைத்து முடிக்க வேண்டிய பாடசாலைச் சட்டைகள் ஏழு கிடக்கின்றன. கிடக்கட்டும்.

நீங்கள் முதன்முதலில் என் கடைக்கு வந்தது ஒரு வெள்ளைத் திரையோடு. இரண்டு படுக்கை விரிப்புகளை நடுவில் மூட்டித் தைத்த திரை. பேராதனை ரயில் நிலையத்தில் பொதிகளுக்குப் பொறுப்பான கிளார்க் என்றும், அம்பிட்டியவில் வாடகை வீடு என்றும், பழைய குறும்படங்களின் சுருள்களைத் தேடிச் சேர்ப்பது பழக்கம் என்றும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். படம் என்றால் எனக்கு மூன்று மணி நேரம், பாட்டு, சண்டை. பத்து நிமிடத்தில் முடிகிற படத்தை எவன் சேர்ப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்த மூட்டு நடுவில வருது. திரையில ஆர் வந்து நிண்டாலும் மூக்கு ரெண்டாப் பிளக்குது. தையல் இல்லாமல் ஒரு திரை தைக்க ஏலுமோ?" என்றீர்கள்.

"தையல் இல்லாம தைக்கணும்னா சாமியத்தான் கேக்கணும் சேர்" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். பதில் கிடைக்காமல் போகமாட்டீர்கள் என்று விளங்கியது. யோசித்தேன். அகலத் துணி ஒன்றை நடுவில் முழுதாக விட்டு, இரண்டு பக்கமும் ஒடுங்கிய துண்டுகளைச் சேர்த்தேன். மூட்டுகள் இரண்டும் படம் விழுகிற இடத்துக்கு அப்பால் போய்விட்டன. சுற்றிவரக் கறுப்புக் கரை வைத்தேன். அடுத்த கிழமை வந்து, விரித்துப் பார்த்து, விரலால் நடுவைத் தடவிவிட்டு, "டெய்லர், இந்தப் போயாவுக்கு நீர் வீட்டை வாரும்" என்றீர்கள்.

அப்படித்தான் நான் பௌர்ணமிப் போயா விடுமுறைப் பின்னேரங்களில் உங்கள் முன்னறையில் உட்காரத் தொடங்கினேன். மூன்று மணிக்கு ஜன்னல்களை மூடுவீர்கள். அந்தக் கறுத்த திரைச்சீலைகளும் பிறகு நான் தைத்தவைதான். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். ரயில்வேக்காரர்கள், பேராதனையில் படிக்கிற பிள்ளைகள், அக்குறணையில் இரும்புக்கடை வைத்திருந்த உங்கள் சிநேகிதர். வருகிறவர்கள் கடலை வாங்கி வந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவீர்கள். கடலைத் தோல் பறந்து போய்ப் படம் ஓட்டும் மெசினுக்குள் விழுமாம்.

என்னென்ன படங்கள்! நுளம்பு முட்டை போடுவதைக் காட்டி மலேரியாவுக்குப் பயமுறுத்துகிற படம். பல் துலக்கும் முறை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் யானைகள் குளிக்கிற ஆறு நிமிடம், சத்தமே இல்லாமல். ஊர் ஊராக வான் வண்டி கொண்டுபோய்க் காட்டிய காலத்தில் ஓடித் தேய்ந்தவை, யாரும் வந்து எடுக்காமல் ரயில் களஞ்சியத்தில் கிடந்து ஏலத்துக்குப் போனவை, தோட்டத்துத் துரைமார் விட்டுப்போனவை. ஒவ்வொன்றையும் போடுமுன் எழுந்து நின்று, கணக்குப் பிள்ளை மாதிரிச் சொல்வீர்கள்: "இது முந்நூற்றிப் பத்து அடி. தொடக்கத்தில ரெண்டு அடி இல்லை. எங்க போனதெண்டு தெரியாது." அந்த இரண்டு அடியை நீங்களே தொலைத்தது போல முகம் சுருங்கும். பெட்டிக்குப் பெட்டி அந்த விவரத்தை ஒரு கொப்பியிலும் எழுதி வைத்திருந்தீர்கள்.

ஒரு படத்தை வருடத்துக்கு ஒரு தரம்தான் போடுவீர்கள். யார் கெஞ்சினாலும் இரண்டாம் தரம் கிடையாது. "ஒவ்வொருக்கா ஓட்டேக்கையும் படம் கொஞ்சம் சாகுது" என்பீர்கள்.

ஒரு வருடம் மார்கழியில் வந்த உந்துவப் போயா எனக்கு மறக்காது. இடித்துப் போட்ட துரைமார் கிளப் ஒன்றிலிருந்து வந்த பெட்டி என்று சொல்லி ஒரு சுருளை எடுத்தீர்கள். தேயிலை தயாராவதைக் காட்ட யாரோ எடுத்த ஒன்பது நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். முந்நூற்று நாற்பது அடி, குறைவில்லை என்று பெருமையாகச் சொன்னீர்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் மலைச்சரிவில் வரிசையாக இறங்கி வந்தார்கள். நான் தையற்காரன். ஆட்களின் முகத்தை முதலில் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. மூன்றாவதாக வந்தவளின் ரவிக்கையில் இடது கை வலது கையைவிட ஒரு விரல் குட்டை. எவன் தைத்தான் இதை என்ற எரிச்சலோடு முகத்தைப் பார்த்தேன். அக்கா.

பதினேழு வயது அக்கா. இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை. கமராவைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்ததற்கு வெட்கப்பட்டுப் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு கடந்து போய்விட்டாள். நாலு செக்கன். அதற்குப் பிறகு தொழிற்சாலையும் சக்கரமும் பெட்டியும்தான்.

"அண்ணே, நிறுத்துங்க! அது எங்க அக்கா!" என்று கத்தினேன். அன்றுவரை உங்களைச் சேர் என்றுதான் கூப்பிட்டேன். அண்ணே என்று எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

நீங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பல்பின் சூட்டில் பிலிம் உருகிவிடும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. படம் முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னேன். "அடுத்த உந்துவப்புக்கு" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில் திரையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம் போல இருந்தது. நான் தைத்த திரை என்பதால் விட்டேன்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் நீங்களே கடைக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். சுருளைக் கையால் சுற்றும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பிலிமை இழுத்துப் பிடித்து, கீழே விளக்கை வைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் தந்தீர்கள். "ஓட்டினாத்தான் சாகும். பாத்தால் சாகாது" என்றீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சிரித்தாள். எண்ணினோம். தொண்ணூற்றாறு. நீங்கள் பத்து நிமிடம் வேலைக்குப் பிந்தினீர்கள். அதற்காக மேலதிகாரியிடம் பேச்சு வாங்கியதைப் பிறகு ரயில்வேக்காரர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அக்காவைப் பற்றி அன்றைக்குத்தான் உங்களிடம் சொன்னேன். ஹந்தானைப் பக்கத் தோட்டத்து லயத்தில் அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள். தோட்டத்துச் சனத்தை இரண்டு நாடும் பங்கு போட்ட ஒப்பந்தம் வந்தபோது அத்தான் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தார். நான் இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்தேன். ஒரே வீடு இரண்டு நாடாகிப் போனது. ரயில் கோச்சி ஏறிப் போனவள் கோத்தகிரியில் போய் மறுபடியும் கொழுந்துதான் எடுத்தாள். என்னிடம் அவளுடைய போட்டோ ஒன்றும் இல்லை. நான் சொல்லி முடித்ததும் நீங்கள் விளக்கை அணைத்தீர்கள். பிறகு, "இந்தியாவுக்குப் போன சனத்தின்ர தகரப் பெட்டியளுக்குச் சீட்டு ஒட்டினது நான்தான். உம்மட அக்கான்ர பெட்டிக்கும் நான்தான் ஒட்டியிருப்பன்" என்றீர்கள்.

படத்தில் பார்த்ததை அக்காவுக்கு எழுதினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு பதில் எழுதினாள். கமராக்காரன் அவர்களை மூன்று தரம் அதே சரிவில் இறங்கச் சொன்னானாம், மூன்றாம் தரம் சிரிப்பு வந்துவிட்டதாம். "சட்டைக் கை குட்டையா இருக்குன்னு எழுதியிருக்கியே, அதப் புடிச்சு இழுத்துக் கிழிச்சது யாரு? நீதான். கிழிஞ்சத வெட்டிட்டு மடிச்சுத் தச்சேன்" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். அதன் பிறகு உந்துவப் வந்தால் அந்தப் படம், வருடத்துக்கு ஒரு தரம், தவறாமல். எனக்கு முன்வரிசையில் கதிரை.

பிறகு எண்பத்து மூன்றின் அந்த ஜூலை வந்தது. கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. நான் கடைப் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். நீங்கள் வீட்டை விட்டுப் பேராதனையில் ஒரு சிங்களச் சிநேகிதரிடம் போனீர்கள். போகுமுன், இரும்புக்கடைக்காரரின் லொறியில் பெட்டிகளை அக்குறணைக்கு ஏற்றினோம். இந்த ஊர் மழைக்கு ஈரம் உள்ளே போய்விடும் என்று நினைத்து, ஒவ்வொரு பெட்டியின் விளிம்பிலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றினீர்கள். நான் பெட்டியைப் பிடித்துக் கொடுத்தேன். ஒரு எறும்பு கூட நுழைய முடியாது என்று நான்தான் மெச்சினேன். இரும்புக்கடையின் பின்னறையில், தகரக் கூரைக்குக் கீழே, பதினான்கு மாதம் அவை அப்படியே கிடந்தன.

திரும்பக் கொண்டுவந்து முதல் பெட்டியின் பிளாஸ்டரை உரித்தபோது வந்த மணம்தான் இன்று காலை எனக்கு வந்தது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். பழைய பிலிம் தானாகவே புளித்த ஆவி விடும், அது வெளியே போக வழி வேண்டும், அடைத்து வைத்தால் அந்த ஆவியே பிலிமைத் தின்னும், பக்கத்தில் இருப்பதையும் தின்னும் என்று பிறகு எங்கோ விசாரித்து அறிந்து வந்து சொன்னீர்கள். "காப்பாத்துறம் எண்டு மூச்சை அடைச்சுப்போட்டம், டெய்லர்" என்றீர்கள். பதினொரு சுருள்களுக்கு மணம் பிடித்திருந்தது. அவற்றை வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலுக்கு மாற்றினீர்கள். மணம் பிடித்ததை நல்லதோடு வைக்கக் கூடாது, இனி ஓட்டவும் கூடாது. பதினொன்றில் ஒன்று அக்காவின் படம்.

"அந்தத் துண்ட மட்டும் வெட்டிக் குடுங்க அண்ணே. மத்தது போனாப் போவட்டும்" என்று கேட்டேன்.

"வெட்டேலாது."

"அழுகிப் போறத வெட்டுனா என்ன, வெட்டாட்டி என்ன?"

"வெட்டுறது உம்மட தொழில். வெட்டாமல் வச்சிருக்கிறது என்ர தொழில். ஒருத்தருக்கு ஒரு துண்டு குடுத்தால் பேந்து எல்லாரும் ஒவ்வொரு துண்டு கேப்பினம். கடைசியில பெட்டிதான் மிஞ்சும்."

"எல்லாருக்கும் அக்கா இதுல இல்லண்ணே!"

நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனீர்கள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு போயாக்களுக்கு நான் வரவில்லை. நீங்கள் ஆள் அனுப்பினீர்கள், வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினேன். வேலை ஒன்றும் இல்லை. மெசினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடைவெளியில்தான் அத்தானின் கடிதம் வந்தது. அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள், எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது என்று. தபால் வர இருபத்திரண்டு நாள் எடுத்திருந்தது. நான் இங்கே சட்டை தைத்துக்கொண்டும் பிளேன்டீ குடித்துக்கொண்டும் இருந்த இருபத்திரண்டு நாளும் அவள் இல்லை. கடையை மூடிவிட்டு ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்து அழுதேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. உங்களிடம்தான் கோபமாயிற்றே.

அந்தக் கிழமையே, ஊரில் காலமான உங்கள் அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நீங்கள் யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்தது. சண்டையைப் பார்க்காமல் கடைக்கு வந்து சாவியைத் தந்தீர்கள். "கொட்டில்ல இருக்கிற பெட்டியளின்ர மூடியைத் திறந்து ரெண்டு நாளைக்கு ஒருக்காக் காத்துக் காட்டும்" என்றீர்கள். அக்கா போனதை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள், உங்கள் அம்மாவும் போய் முப்பது நாள்தான், இரண்டு பேரும் கடை வாசலில் நின்று அழ வேண்டிவரும் என்று தோன்றியது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பத்து மணிக்குக் கொட்டிலைத் திறந்தேன். வெயில் நன்றாக அடித்தது. சுருளை ஒரு துணிப்பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து, வெட்டுகிற மேசையில் விரித்தேன். பூதக்கண்ணாடியால் பார்த்து, அக்கா வருகிற முதல் கட்டத்துக்கு முன்னாலும் போகிற கடைசிக் கட்டத்துக்குப் பின்னாலும் சோக்கால் கோடு போட்டேன். என் பெரிய கத்தரிக்கோலால் இரண்டு வெட்டு. நாடாவை வைத்து அளந்தேன். இருபத்தொன்பது அங்குலத்துக்குக் கால் குறைவு. ஒல்லியான ஒரு பிள்ளைக்கு மார்பளவு.

மீதியை எப்படிச் சேர்ப்பது? நீங்கள் பிலிம் ஒட்டுகிற சாமான்கள் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. எனக்குத் தெரிந்தது ஒரு வழிதான். இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, பதினோராம் நம்பர் ஊசி போட்டு, மிகச் சின்னத் தையலாக இரண்டு வரி ஓட்டினேன். இரண்டு பக்கமும் பின்தையல் போட்டு இறுக்கினேன். உலகத்தில் எந்தப் படம் சேர்க்கிறவனும் செய்திருக்க மாட்டான். ஆனால் வேலை சுத்தமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். இனி அந்தச் சுருளை யாரும் ஓட்டப் போவதில்லை, கண்டுபிடிக்க வழியில்லை என்ற தைரியத்தில் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். துண்டைப் பொத்தான் தகரத்துக்குள் போட்டு மூடினேன்.

நீங்கள் ஊரிலிருந்து வந்தபிறகு அக்காவின் செய்தி யார் மூலமோ உங்கள் காதுக்கு வந்தது. வந்து என் கையைப் பிடித்தீர்கள். போகும்போது, "உந்துவப்புக்குக் கட்டாயம் வாரும்" என்றீர்கள். வந்தேன். ஜன்னல்களை மூடிவிட்டு நீங்கள் எழுந்து நின்றபோது உங்கள் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். அக்காவின் படப் பெட்டி.

"இந்தப் படத்துக்கு மணம் பிடிச்சிட்டுது. இனி ஓட்டக் கூடாது. ஆனால் இதில வாற பிள்ளை எங்கட டெய்லற்ர தமக்கை. போன மாசம் இந்தியாவில செத்துப்போனா. அவவுக்காக இண்டைக்குக் கடைசித் தரம் ஓட்டுறன்" என்றீர்கள். வருடத்துக்கு ஒரு தரம் என்ற சட்டம் போட்ட மனிதர், ஓட்டவே கூடாத படத்தை எனக்காக ஓட்டப் போகிறார். எந்தச் சுருளையும் போடுமுன் விரலுக்கிடையில் விட்டுச் சுற்றிப் பார்க்கிறவர் நீங்கள். பிலிம் நொறுங்கிவிடும் என்று அன்றைக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. அதையும் எல்லோருக்கும் சொன்னீர்கள்.

அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். மெசின் ஓடத் தொடங்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. முன்வரிசையில் கல்லுப் போல இருந்தேன். மலைச்சரிவு வந்தது. முதல் பெண் இறங்கினாள். இரண்டாமவள் இறங்கினாள். மெசினுக்குள் டக்கென்று ஒரு சத்தம். என் தையல் போய்ச் சிக்கிக்கொண்டது. திரையில் சரிவு அப்படியே நின்று, நடுவில் மஞ்சளாகி, கொப்பளித்துக் கறுத்தது. பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள்.

நீங்கள் பல்பை அணைத்து, மெசினைத் திறந்து, பிலிமை வெளியே இழுத்தீர்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலைக் கொஞ்சம் விலக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். பெருவிரலால் மூட்டைத் தடவினீர்கள். முதல் நாள் என் திரையைத் தடவிய அதே தடவல். கண்டி முழுக்கத் தேடினாலும் பிலிமுக்குப் பின்தையல் போடுகிறவன் ஒருவன்தான் இருப்பான். என்னை நீங்கள் பார்க்கவில்லை. விளக்கைப் போட்டு, "படம் இவ்வளவுதான். வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்றீர்கள். முதல் கோப்பையை என் கையில்தான் தந்தீர்கள். நான் அதைக் குடித்தேனா என்பது நினைவில்லை.

பத்து நாள் கழித்து, கீழ்மடிப்புப் பிரித்த ஒரு காற்சட்டையோடு கடைக்கு வந்தீர்கள். ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சுற்றிவரப் பார்த்துவிட்டு, "கடையில எல்லாம் பத்திரமா இருக்கோ?" என்று கேட்டீர்கள். "இருக்கு அண்ணே" என்றேன். "தகரத்துக்குள்ள ஒண்டையும் அடைச்சு வையாதையும். கடதாசி உறையில போட்டு மேல் லாச்சியில வையும். ஆத்து ஈரம் கீழதான் நிக்கும்" என்றீர்கள். எதைச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் போனதும் பொத்தான் தகரத்தைத் திறந்து துண்டை எடுத்துக் கடதாசி உறைக்கு மாற்றினேன்.

அதற்குப் பிறகு எத்தனை வருடம்! எப்போது வந்தாலும் அந்த ஒரே கேள்வி. "எல்லாம் பத்திரமா இருக்கோ?" தெரிந்துதான் கேட்கிறீர்களோ என்று எனக்கு உதறும். தெரிந்திருந்தால் இந்த மனிதர் சும்மா விடுவாரா என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மூட்டைத் தடவியதை என் கண்ணால் பார்த்திருந்தும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கப் பயந்தவனுக்கு எந்தச் சமாதானமும் போதும். உங்கள் பிள்ளைகளின் கலியாணத்துக்குத் தைத்தேன், உங்கள் ஓய்வு நாளுக்குத் தைத்தேன், போயாக்களுக்கு வந்தேன். இதை மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் பேராதனை ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது சொல்லிவிடுவதென்றுதான் பஸ் ஏறினேன். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் கையை அசைத்தீர்கள்.

"அண்ணே, ஒன்னு சொல்லணும்..."

"அதெல்லாம் இருக்கட்டும் டெய்லர். கடையில எல்லாம் பத்திரமா இருக்கோ?"

"இருக்கு அண்ணே."

"அது காணும், வேறொண்டும் வேண்டாம்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

உங்கள் அந்தியேட்டி முடிந்த பிறகு உங்கள் மகள் ஒரு நாள் கடைக்கு வந்தா. கையில் உங்கள் கொப்பியும் ஒரு தகரப் பெட்டியும். "அப்பா இதில அடையாளம் வச்சுத் தந்தவர். உங்களிட்டைக் காட்டச் சொன்னவர்" என்றா. பெட்டியின் மூடியில் ஆணியால் குத்திய துளைகள் இருந்தன, காற்றுப் போவதற்கு. திறந்தோம். உள்ளே சுருள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நெளிந்து, பிரிக்க முடியாத ஒரு வட்டாக இருந்தது. அதற்கு மேல், ஒரு துணித்துண்டில் சுற்றி, ஒரு சாண் நீளப் பிலிம் தனியாக. கருகிய ஓரத்தோடு என் தையல், இரண்டு வரி, பின்தையலோடு. அதை வெட்டி எடுத்து வைத்திருந்தீர்கள். வெட்டவே மாட்டேன் என்று சொன்ன நீங்கள்.

கொப்பியில் அந்தப் பக்கத்தை மகள் வாசித்தா. பிறகு நான் வாங்கி நானே வாசித்தேன். உங்கள் அழகான எழுத்து: "தேயிலை பற்றிய படம். கறுப்பு வெள்ளை. 340 அடி. நடுவில் 2 அடி 5 அங்குலம் இல்லை. அந்தப் பகுதி கட்டுகஸ்தோட்டைத் தையற்கடையில் பத்திரமாக இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். இதனுடன் சேர்க்க வேண்டாம், இதற்கு மணம் பிடித்துவிட்டது." கீழே திகதி. அந்த உந்துவப் போயாவின் திகதி. எல்லோரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனபிறகு, அன்று மாலையே உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். எங்கே போனதென்று தெரியாது என்று எத்தனையோ படங்களுக்குச் சொன்னவர், இதற்கு மட்டும் இடம் எழுதி வைத்திருக்கிறீர்கள். நான் திருடியது அன்றைக்கே என் பொறுப்பில் வைத்ததாகிவிட்டது. அது தெரியாமல் நான்தான் இத்தனை வருடம் பயந்து செத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அதற்காக உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மற்றச் சுருள்களைக் கொழும்பில் பழைய படங்கள் பாதுகாக்கிற இடத்துக்கு மகள் கொடுத்துவிட்டா. இந்தத் துண்டையும் அங்கே கொண்டுபோனால் வீடியோவாக மாற்றித் தருவார்கள் என்று என் மகன் சொல்கிறான். போகத்தான் வேண்டும். தபாலில் விட மாட்டேன், நானே மடியில் வைத்துக்கொண்டு கோச்சியில் போவேன்.

இன்று காலை அச்சாறு மணம் என்று தெரிந்த பிறகும் மனம் கேட்கவில்லை. உறையைத் திறந்து மூக்கின் அருகே பிடித்தேன். கடதாசி மணம்தான். மேசையில் விரித்து நாடாவை வைத்து அளந்தேன். இருபத்தெட்டரை. வெட்டிய நாளைவிடக் கால் அங்குலம் குறைவு. துணி சுருங்கும் என்று எல்லோருக்கும் அரை அங்குலம் கூட்டி வெட்டுகிறவன், இதை மட்டும் ஒட்ட வெட்டியிருக்கிறேன். பிறகு கண்ணாடி ஜன்னலில் பிடித்து, ஒவ்வொன்றாக எண்ணினேன். நடுவில் ஹாஜியார் அச்சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் பேசாததைப் பார்த்துப் போய்விட்டார். குட்டைக் கையும், சிரிப்பும், வாயைப் பொத்துகிற புறங்கையும், தொண்ணூற்றாறும் இருக்கின்றன.

ஓம் அண்ணே. எல்லாம் பத்திரமா இருக்கு.